அந்தரங்கம் எனும் அரண்

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம், பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. ஆறாண்டுகளாகத் தமிழகம் எதிர்நோக்கியிருந்த தீர்ப்பு அது. குற்றவாளிகள் தண்டனை பெற்றனர் என்ற நிறைவோடு அவ்வழக்கை மூடிவைக்க நம் மனம் விரும்பலாம். மூடிவைக்கலாகாது. நம் காலத்தின் பெரும் இடர் ஒன்று எவ்வாறு பிறக்கிறது, எதனால் வளர்கிறது, எதற்கு அஞ்சி ஒடுங்குகிறது என்ற மூன்றையும் அந்த வழக்கு நமக்குக் காட்டியிருக்கிறது.

முகநூலில் அறிமுகமாகி, நயமாகப் பேசி நம்பிக்கையைப் பெற்று, தனியிடத்துக்கு வரவழைத்து வன்கொடுமை செய்து, அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, அப்பதிவைக் காட்டியே மீண்டும் மீண்டும் மிரட்டியது அக்கும்பல். 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் அளிக்கும்வரை அக்கொடுமை வெளியுலகுக்குத் தெரியவில்லை. அதுவரை மற்றப் பெண்களை வாய் திறவாமல் கட்டிப்போட்டது எது? வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ஊர் என்ன பேசும், படிப்பு நின்றுவிடுமோ, திருமணம் தடைப்படுமோ என்ற அச்சமே. கைப்பேசிக் காணொளிக்குக் கொலைவாளின் கூர்மையை ஏற்றித் தந்தது அந்த அச்சம்தான்.

சமூக ஊடகத்தில் ஒருவரின் அந்தரங்கம் களவாடப்படும்போது அவர் உயிர்வாழும் உறுதியே குலைகிறது. ஆகவே அந்தரங்கத்தைக் காப்பதும் ஆளைக் காப்பதும் ஒரே கடமை என நாம் கருதுகிறோம். அக்கடமையைப் பயனாளர் தலையில் மட்டும் ஏற்றிவைத்துவிட்டு நிறுவனங்களும் அரசும் குடும்பமும் விலகி நிற்பது பெரும் அநீதி.

முதலில், இடர் நுழையும் வாயில்களைக் காண்போம். பிறந்தநாள் வாழ்த்தில் பிறந்த தேதி வெளியாகிறது. சீருடை அணிந்த குழந்தையின் படத்தில் பள்ளியின் பெயர் தெரிகிறது. புதிதாக வாங்கிய வண்டியின் படத்தில் பதிவெண்ணும் வீட்டு வாசலும் ஒருங்கே பதிகின்றன. குடும்பத்தோடு கொடைக்கானலில் இருக்கிறோம் என்ற மகிழ்ச்சிச் செய்தி, வீடு பூட்டிக் கிடப்பதையும் ஊருக்கு அறிவிக்கிறது. தனித்தனியே இவை அற்பமானவை. ஒருவன் பொறுமையாக அமர்ந்து ஓராண்டுப் பதிவுகளைக் கோத்துப் பார்த்தால், அந்தக் குடும்பத்தில் யார் எப்போது எங்கே தனித்திருப்பார் என்பது வரை அவனுக்குப் புலனாகிவிடும். வங்கி அதிகாரி போலவும் காவல் அதிகாரி போலவும் தொலைபேசியில் பேசி ஏமாற்றும் கூட்டத்தார், நம் பெயரையும் பிள்ளையின் பெயரையும் சொல்லிப் பேச்சைத் தொடங்கும்போது நாம் நம்பிவிடுகிறோம். அந்த விவரங்களில் பலவற்றை நாமே முன்னர் ஊரறியப் பதிந்திருப்போம்.

பெயரே இல்லாத தரவும் காட்டிக்கொடுக்கும். உடற்பயிற்சி செய்வோர் தாம் ஓடிய தடங்களைப் பகிரும் ஸ்ட்ராவா என்ற தளம், 2017 நவம்பரில் தன் பயனாளர்களின் தடங்களை எல்லாம் ஒன்று சேர்த்து ஓர் உலக வரைபடமாக வெளியிட்டது. எவர் பெயரும் அதில் இல்லை. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அவ்வரைபடத்தை உற்று நோக்கினார். சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருள் சூழ்ந்த பரப்பின் நடுவே சில கோடுகள் ஒளிர்ந்தன. படைமுகாம்களுக்குள் வீரர்கள் காலையும் மாலையும் ஓடிய தடங்கள் அவை. காவலும் வேலியும் சூழ்ந்த பாசறையையே காட்டிக்கொடுத்துவிட்ட ஒரு பழக்கம், தினமும் ஒரே தெருவில் நடைப்பயிற்சி செல்லும் பெண்ணை எவ்வளவு எளிதில் காட்டிக்கொடுக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, நிறுவனங்களின் பொறுப்பு. காசின்றிக் கிடைக்கும் இத்தளங்கள் விளம்பர வருவாயால் வாழ்கின்றன. பயனாளரைப் பற்றி எவ்வளவு அறிகின்றனவோ அவ்வளவு வருவாய். எனவே பயனாளரை மேலும் மேலும் வெளிப்படுத்தத் தூண்டுவதாகவே அவற்றின் அமைப்பு இருக்கிறது. 2018இல் அம்பலமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் இதற்குச் சான்று. உளவியல் வினாவிடை போலத் தோன்றிய ஒரு செயலியின் வழியே 8.7 கோடிப் பேரின் விவரங்கள் முறைகேடாகச் சென்றிருக்கக்கூடும் என முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர் வெறும் 335 பேர். பாதிப்புக்கு உள்ளாகியிருக்கக்கூடியவர்களோ 5,62,455 பேர். எஞ்சிய ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதற்கும் இசைவு தந்தவர்கள் அல்லர். அவர்கள் செய்ததெல்லாம், இசைவு தந்த ஒருவருக்கு நண்பராக இருந்ததே. 2019இல் அமெரிக்க வணிக ஆணையம் அந்நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதன் பின்னரும், 2021 ஏப்ரலில் 106 நாடுகளைச் சேர்ந்த 53 கோடிக்கும் அதிகமான முகநூல் பயனாளர்களின் விவரங்கள், தொலைபேசி எண்கள் உட்பட, இணையத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும் வண்ணம் கொட்டிக் கிடந்தன. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். பத்தாண்டுகளாக உற்றார் உறவினர் எல்லோரிடமும் தந்துவைத்திருக்கும் தொலைபேசி எண்ணையும் பிறந்த தேதியையும் எங்ஙனம் மாற்றுவது?

பயனாளர் விழிப்பாக இருந்தால் போதும் என்போர் இன்னொரு நிகழ்வையும் எண்ணிப் பார்க்கட்டும். 2021 ஜூலையிலும் 2022 ஆண்டுப் பிறப்பன்றும், இந்திய முஸ்லிம் பெண்களின் படங்களைச் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்து எடுத்து, அவர்களை ஏலத்துக்கு விடுவதாகக் காட்டும் இரு செயலிகள் வெளிவந்தன. அவற்றில் இழிவுபடுத்தப்பட்டோர் இதழாளர்கள், வழக்கறிஞர்கள், விமானிகள், செயற்பாட்டாளர்கள். அவர்கள் பதிந்திருந்தவை எல்லோரும் பதியும் சாதாரணப் படங்களே. 2023 நவம்பரில் புகழ்பெற்ற திரைக்கலைஞர் ஒருவரின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலோடு செயற்கை நுண்ணறிவால் பொருத்திய காணொளி நாடெங்கும் பரவியது. ஒரேயொரு முகப்படம் இருந்தால் போதும் என்ற நிலை இன்று வந்துவிட்டது. இந்நிலையில் "படம் போடாதே" என்ற அறிவுரை எதைக் குறிக்கிறது? பொதுமன்றத்தைவிட்டு வெளியேறு என்பதையே குறிக்கிறது. கல்வியும் தொழிலும் அரசியலும் இணையத்தில் நடக்கும் காலத்தில், பெண்ணைத் திரைக்குப் பின்னே போகச் சொல்வது பாதுகாப்பு ஆகாது. கொடியோரின் விருப்பத்தை நாமே நிறைவேற்றித் தருவதாகும்.

இங்கே சட்டம் என்ன செய்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உயிருக்கும் தன்னுரிமைக்கும் காப்பளிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் அவ்வுரிமை வேரூன்றியிருப்பதாக அமர்வு கண்டது. உயிரையும் அந்தரங்கத்தையும் ஒரே பிரிவின் காப்பில் வைத்த அத்தீர்ப்பு நம் நெஞ்சில் பதியத்தக்கது.

ஆறாண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்தும் 18 மாதம் அவகாசம் தரப்பட்டது. இச்சட்டத்தின் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. 18 வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் உறுதியான இசைவு வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

ஆயினும் மூன்று குறைகளைச் சுட்டாமல் இருக்க இயலாது. ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தனித் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதன் 3ஆவது பிரிவு கூறுகிறது. சமூக ஊடகத்தில் தம் விவரங்களைப் பொதுவில் இட்ட ஒரு பெண்ணையே சட்டம் அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. நண்பர் பார்க்கட்டும் என்று இட்ட படத்தை எவரும் அள்ளிச் சேர்த்து ஆராயலாம் என்றால், இச்சட்டத்தின் காப்பு தேவைப்படும் இடத்தில்தான் அது இல்லாமல் போகிறது. அடுத்து, வசூலாகும் அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்கிறது. தரவைக் காக்கத் தவறிய நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டமே வழிவகுத்தது. இழந்தவருக்கு ஏதும் இல்லை, அரசுக்கு வருவாய் உண்டு என்பது அறத்துக்கு ஒவ்வுமா? இறுதியாக, அரசு தன் அமைப்புகளுக்குப் பரந்த விலக்கை வழங்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. உரிமையைக் காக்க வேண்டிய கையே விலக்கையும் எடுத்துக்கொள்வது முறையன்று. இம்மூன்றையும் நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.

தண்டனைச் சட்டங்களில் சொற்பஞ்சம் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு தெளிவாகவே பேசுகிறது. படம் எடுக்க ஒரு பெண் இசைந்திருந்தாலும், அதைப் பிறருக்குப் பரப்ப அவள் இசையாதபோது பரப்புவது குற்றம். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணித்துப் பின்தொடர்வதை 78ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை 72ஆவது பிரிவு தண்டிக்கிறது. அந்தரங்கப் படங்களும் உருமாற்றிய படங்களும் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சமூக ஊடக நிறுவனங்களைப் பணித்தன. ஏட்டில் உள்ள இவ்வுறுதி காவல்நிலைய வாசலில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

பொள்ளாச்சி வழக்கையே எடுத்துக்கொள்வோம். புகார் அளித்த மாணவியின் பெயரைக் காவல்துறையின் உயர் அதிகாரியே செய்தியாளர்களிடம் வெளிப்படுத்தினார். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலும் அப்பெயர் இடம்பெற்றது. புகாருக்குப் பழிவாங்க அவருடைய சகோதரர் தாக்கப்பட்டார். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 மார்ச்சில் தலையிட்டு, பெயரை வெளியிட்டதற்காக அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அரசுக்கு ஆணையிட்டது. மிரட்டியவர்கள் எதைச் செய்வோம் என்று அச்சுறுத்தினார்களோ அதை, அதாவது ஊரறியச் செய்வதை, அரசே செய்துவிட்டது. இதைவிடப் பெரிய நம்பிக்கைக் கேடு வேறு இருக்க முடியாது.

ஆறாண்டுகளுக்குப் பின்னரும் அப்போக்கு முற்றிலும் மாறிவிடவில்லை. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர், தம் அந்தரங்கக் காணொளிகள் இணையத்தில் பரவுவதைத் தடுக்கக் கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். 48 மணி நேரத்துக்குள் அவற்றை அகற்றுமாறு ஒன்றிய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஆணையிட்டார். ஓரிடத்தில் அகற்றினால் வேறிடத்தில் அவை மீண்டும் தலைகாட்டின. விசாரணையின்போது அப்பெண்ணை ஆண் காவலர்கள் எழுவர் முன்னிலையில் அக்காணொளியைப் பார்த்து அடையாளம் காட்டச் செய்ததும், முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயர் இடம்பெற்றதும் நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு உள்ளாயின. சட்டம் பயின்ற ஒருவருக்கே இந்நிலை என்றால், சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்து காவல்நிலையப் படியேறும் பெண் எத்தகைய நடத்தையை எதிர்கொள்வாள்?

காவல்நிலையத்துக்கு முன்னரே இன்னொரு வாசல் இருக்கிறது. அது வீட்டு வாசல். 2016இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தில் பொருத்தி முகநூலில் பரப்பினான் ஒருவன். குடும்பத்தார் புகார் அளித்தும் காவல்துறை விரைந்து செயல்படவில்லை. தம்மைப் பெற்றோரும் நம்பவில்லையே என்ற வேதனையோடு அப்பெண் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் காலத்தாழ்வுக்காக மன்னிப்புக் கோரினார். போன உயிர் மீளவில்லை. படத்தைப் பரப்பியவன் குற்றவாளி, அதில் ஐயமில்லை. ஆயினும் "உன் மீது தவறில்லை, நாங்கள் இருக்கிறோம்" என்ற ஒரு சொல் வேளையில் கிடைத்திருந்தால் அந்த உயிர் நின்றிருக்கக்கூடும் என்ற எண்ணம் நம்மை உறுத்துகிறது.

பெற்றோரே, ஆசிரியர்களே, உங்களை மன்றாடிக் கேட்கிறோம். பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து ஒன்றைச் சொல்லும்போது, "அவனோடு ஏன் பேசினாய், கைப்பேசியைக் கொடு" என்று தொடங்காதீர்கள். அக்கேள்வி பிறக்கும் என்பதை மிரட்டுபவன் நன்கு அறிவான். அதை நம்பியே அவன் மிரட்டுகிறான். சினந்து பேசும் வீடு ஒவ்வொன்றும், தான் அறியாமலே, அவன் கையை வலுப்படுத்துகிறது. நம்பிக் கேட்கும் வீட்டில் அவன் மிரட்டல் பலிக்காது.

ஒவ்வொருவரும் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. நம் பக்கத்தை யார் பார்க்கலாம் என்ற அமைப்பை நண்பர்களோடு நிறுத்துங்கள். பிறந்த ஆண்டையும் தொலைபேசி எண்ணையும் பொதுப்பார்வையிலிருந்து நீக்குங்கள். செயலிகளுக்குத் தந்துள்ள இருப்பிட அனுமதியை, தேவையற்ற இடத்தில் எல்லாம் எடுத்துவிடுங்கள். பயணத்தின் படங்களை வீடு திரும்பிய பின் இடுங்கள். குழந்தையின் படத்தை இடுமுன் பள்ளியின் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். அக்குழந்தை வளர்ந்தபின் அதை விரும்புமா என்றும் எண்ணுங்கள். கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள்.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் தராதீர்கள். ஒருமுறை தந்தால் கேட்பது நிற்காது. அச்சத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள்; அதுவே சான்று. திரைப்பிடிப்பு எடுத்து, அனுப்பிய கணக்கின் முகவரியையும் நாளையும் குறித்துக்கொண்டு, பிறகு கணக்கைத் தடை செய்யுங்கள். பண மோசடிக்கு 1930 என்ற எண்ணும், எல்லா இணையக் குற்றங்களுக்கும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளமும் உள்ளன. பெண்கள், குழந்தைகள் தொடர்பான சில குற்றங்களைப் பெயர் சொல்லாமலே அத்தளத்தில் தெரிவிக்கலாம். எந்தக் காவல்நிலையத்திலும் புகார் அளிக்கலாம். எங்கள் எல்லைக்குள் வராது என்று கூறித் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழும்போது 104 ஆகிய எண்கள் துணை நிற்கும்.

அரசுக்கு நம் கோரிக்கை திட்டவட்டமானது. ஒவ்வொரு மாவட்ட இணையக் குற்றப் பிரிவிலும் பயிற்சி பெற்ற பெண் அதிகாரிகள் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அந்தரங்கப் படம் தொடர்பான புகாரில் முதல் தகவல் அறிக்கை முதல் நீதிமன்ற ஆவணம் வரை பெயர் மறைக்கப்பட வேண்டும். பெயரை வெளியிடும் அதிகாரி, பதவி எதுவாயினும், சட்டப்படி தண்டிக்கப்பட வேண்டும். ஒருமுறை நீக்கப்பட்ட படம் மீண்டும் ஏறாதவாறு தடுக்கும் நுட்பம் இருக்கிறது. படத்தின் எண்ணிமக் கைரேகையை வைத்தே அதை அடையாளம் காண முடியும். அதைக் கையாளுவதை நிறுவனங்களின் கட்டாயக் கடமையாக்க வேண்டும். புதுக் கணக்கு தொடங்குவோருக்குக் காப்பு மிகுந்த அமைப்பே இயல்பாகத் தரப்பட வேண்டும். வெளிப்படையாக இருக்க விரும்புவோர் பின்னர் மாற்றிக்கொள்ளட்டும்.

இவை நிறைவேற்ற இயலாத கனவுகள் அல்ல. பொள்ளாச்சி வழக்கின் இறுதிக்கட்டமே அதற்குச் சான்று. தொடக்கத்தில் பெயரை வெளியிட்டுப் பிழைசெய்த அமைப்பு, விசாரணையில் பெண்களின் அடையாளத்தைக் காத்து நின்றது. விளைவு என்ன? 48 சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை. மிரட்டுவதற்கென்று குற்றவாளிகள் பதிவு செய்து வைத்திருந்த காணொளிகளே அவர்களுக்கு எதிரான வலிய சான்றுகளாயின. பெயர் காக்கப்படும் என்ற உறுதி கிடைத்ததும் அப்பெண்கள் அஞ்சாமல் பேசினர், நீதியும் வந்தது. அவ்வுறுதியைப் பெற ஒரு பெண் ஆறாண்டு காத்திருக்கலாகாது, உயர்நீதிமன்றம்வரை நடக்கலாகாது. புகாரோடு வரும் முதல் நாளிலேயே, முதல் காவல்நிலையத்திலேயே அது அவளுக்குக் கிடைத்தாக வேண்டும்.